மேனேஜர் கடித்த இலை

மிளகு வீட்டில் மனிதர்களைவிடப் பற்கள் அதிகம்.

மிளகின் அப்பா பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே அலமாரி நிறையப் பல் அச்சுகள் வரிசை வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் பயப்படுவார்கள். அப்புறம், இத்தனை பேர் சிரிக்கும்போது நாம் மட்டும் உம்மென்று இருந்தால் நன்றாக இருக்காதே என்று தாங்களும் சிரித்துவிடுவார்கள்.

அப்பா செய்யும் பல் செட் அவ்வளவு அசலாக இருக்கும். ஒரு பெரியவருக்கு அவர் செய்து கொடுத்த செட், ராத்திரி டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால் அங்கேயே கொட்டாவி விட்டதாம். பெரியவர் வந்து புகார் சொன்னார்.

"புது செட்டு அப்படித்தாங்க இருக்கும். பழகினதும் சரியாப் போயிடும்" என்று அப்பா அவரை அனுப்பி வைத்தார்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் பிரேக் போடுவது அவர்தான். மிளகு ஐந்தாம் வகுப்பு. ஆள் சின்னவள், பேச்சு சுருக்கென்று இருக்கும், அதனால் மிளகு. தம்பிக்கு இன்னும் நடை வரவில்லை. ஆனால் அவன் தவழ்கிற வேகத்தையும், வழியில் அகப்படுவதை எல்லாம் வாயில் போட்டுக்கொள்கிற அழகையும் பார்த்து புல்டோசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பவர் மேனேஜர். அவர் ஒரு பூனை. ஒரு வேலையும் செய்யாமல், வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது. அவரை 'அது' என்று சொன்னால் திரும்பியே பார்க்க மாட்டார். 'அவர்' என்றால் ஒரு காதையாவது அசைப்பார். ஆகவே நாமும் 'அவர்' என்றே சொல்லிவிடுவோம். வீண் வம்பு எதற்கு?

விடுமுறை விட்ட அன்று அறிவியல் டீச்சர், வகுப்பில் இருந்த செடிகளை எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பினார். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டால் தண்ணீர் ஊற்ற ஆள் ஏது?

"உயிரோட கொண்டு போறீங்க. உயிரோட திருப்பிக் கொண்டு வரணும்" என்றார் டீச்சர்.

"செடி தானாவே செத்துப் போச்சுன்னா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தொட்டிச் செடி எதுவும் தானா சாகாது. யாராவது உதவி பண்ணியிருப்பாங்க."

மிளகுக்குக் கிடைத்தது கும்பிடு செடி. வகுப்பில் அதற்கு அதுதான் பெயர். முட்டை வடிவத்தில் இலைகள். பச்சை நிறத்தின் மேல், யாரோ பொறுமையாக உட்கார்ந்து பேனாவால் இழுத்த மாதிரி சிவப்புக் கோடுகள். பகலெல்லாம் இலைகளை விரித்து வைத்திருக்கும். சாயங்காலம் ஆனால் அவை மெல்ல எழுந்து, இரண்டு கைகளைச் சேர்த்துக் கும்பிடுவது போல நிற்கும். ஒரு சாயங்காலம் தலைமை ஆசிரியர் ஏதோ யோசனையில் வகுப்பறைக்குள் வந்தார். செடி கும்பிட்டது. அவரும் பதிலுக்குக் கும்பிட்டு, "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

செடியை மிளகு சன்னலோரம் ஒரு குட்டை ஸ்டூலில் வைத்தாள். வெயில் நேராகப் படாது. வெளிச்சம் மட்டும் வரும்.

மேனேஜர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். செடியைச் சுற்றி வந்தார். முகர்ந்தார். பிறகு, தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கிறவர் போல, ஓர் இலையின் ஓரத்தை நறுக்கென்று கடித்தார்.

"மேனேஜர்! அது ஸ்கூல் செடி!"

மேனேஜர் மென்று முடித்துவிட்டு மீசையை நக்கிக்கொண்டார்.

மறுநாளும் ஒரு கடி. அதற்கு மறுநாளும் ஒரு கடி. காலை ஆனால் அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. செடிக்குத்தான் ஒரு பக்கம் இலைகள் எல்லாம் தபால்தலை ஓரம் போல ஆகிவிட்டன.

மிளகு ஒரு வேலை செய்தாள். தொட்டியைத் திருப்பி, கடிபட்ட பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் மேனேஜருக்குத் திட்டு விழும். இல்லாவிட்டால் செடியை எங்காவது இருட்டில் கொண்டு போய் வைத்துவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார்.

சித்தப்பா பார்சல் வண்டி ஓட்டுகிறவர். போகிற வீட்டில் எல்லாம் ஒரு பார்சலைக் கொடுத்துவிட்டு ஒரு செய்தியை வாங்கிக்கொண்டு வருவார். பார்சல் சில சமயம் வீடு மாறிப் போகும். செய்தியும் அப்படித்தான்.

வந்தவர் செடியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டார்.

"அண்ணி, இதை யாரு வீட்டுக்குள்ள விட்டது?"

"நான்தான் சித்தப்பா. ஸ்கூல் செடி" என்றாள் மிளகு.

"இலையில கோடு இருக்கே, பார்த்தியா? கோடு இருந்தாலே விஷம்தான். பாம்பைப் பாரு. கோடு. குளவியைப் பாரு. கோடு."

"அணில் முதுகுலயும்தான் கோடு இருக்கு."

சித்தப்பா விடுவாரா? "அது வேற கோடு. நான் பார்சல் குடுக்கற ஒரு வீட்டுல இதே மாதிரி செடி. அவங்க ஆடு அதைத் தின்னுடுச்சு. மறுநாள் பால் கறந்தா, பால்ல கோடு கோடா வருது!"

"அந்தப் பாலை என்ன பண்ணாங்க?"

"என்ன பண்றது? கோடு போட்ட நோட்டு செய்யற கம்பெனிக்கு வித்துட்டாங்க."

அம்மா சிரிக்கவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே யோசித்தார்.

"பால் கதை பொய். அது எனக்கே தெரியுது" என்றார். "ஆனா தவழற குழந்தை இருக்கற வீடு இது. நமக்குத் தெரியாத செடி. மிளகு, அதை எடுத்துத் துணி அலமாரி மேல வை."

"அங்க வெளிச்சமே வராதும்மா."

"லீவு முடியற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கும். வை."

அம்மா பேருந்துக் குரலில் பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவே தொட்டியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அந்த வீட்டில் இன்னொரு செடியும் உண்டு. அம்மாவின் மணி பிளான்ட். மிளகு பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரில் நிற்கும். அதன் கொடி பாட்டிலிலிருந்து சுவருக்குப் போய், சன்னலைச் சுற்றி, சுவர்க்கடிகாரத்தைத் தழுவி, பெரிய முள்ளைப் பிடித்து இழுத்துக் கொஞ்ச காலம் அந்தத் தெருவுக்கே நேரத்தைக் குறைத்துக் கொடுத்தது என்பார்கள். பிறகு கீழே இறங்கித் தரையைத் தொட்டது. இதய வடிவத்தில், பளபளவென்று, கோடே இல்லாத இலைகள். அதைப் பற்றி சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. யாருமே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு ஆளை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் காலை மேனேஜர் வழக்கம் போலச் சன்னலோரம் வந்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. ஸ்டூலைப் பார்த்தார். அலமாரியின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். நாற்காலியில் ஏறுவதற்கே இரண்டு முறை யோசிக்கிற உடம்பு அவருக்கு. பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

சற்று நேரம் கழித்து மிளகு பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து ஒரு விநோதமான சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள்.

மேனேஜர் தரையில் உட்கார்ந்து முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக ஒழுகியது. தலையை உதறினார். மறுபடி தேய்த்தார். மிளகைப் பார்த்து மெல்லியதாக ஒரு குரல் கொடுத்தார். அதில் மேனேஜர் தோரணையே இல்லை.

"அம்மா!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். முந்தின நாள் இரவு அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா போர்வையோடு வந்தார்.

"நான் சொன்னேன்ல? நேத்தே சொன்னேன்ல?" என்றார்.

அம்மா உடனே கால்நடை டாக்டருக்குப் போன் செய்து, மேனேஜர் செடியைக் கடித்துவிட்டதாகச் சொன்னார். டாக்டரின் குரல் நிதானமாக இருந்தது.

"மூச்சு சாதாரணமா விடுதா?"

"விடறாரு டாக்டர்."

"வாய்க்குள்ள வீக்கம் இருக்கா?"

அப்பா எட்டிப் பார்த்தார். வாயைப் பார்ப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. "கொஞ்சம் சிவந்திருக்கு. வீங்கல."

"அப்ப பதற வேண்டாம். ஈரத் துணியால வாயைத் துடைச்சு விடுங்க. குடிக்கத் தண்ணி வைங்க. நான் கொஞ்ச நேரத்துல கிளினிக் திறந்துடுவேன், தூக்கிட்டு வாங்க. எந்தச் செடியைக் கடிச்சதோ அதோட ஒரு இலையை மறக்காம எடுத்துட்டு வாங்க."

மிளகு ஈரத் துணியால் மேனேஜரின் வாயை மெல்லத் துடைத்தாள். மற்ற நாளில் இதற்கு அவர் கையைக் கீறியிருப்பார். இன்று பேசாமல் காட்டினார்.

அப்பா அலமாரி மேலிருந்து செடியை இறக்கினார். திருப்பிப் பார்த்தவர், "ஐயையோ!" என்றார். ஒரு பக்கம் முழுக்கக் கடி.

"இவ்வளவு கடியா!" என்றார் அம்மா. அவர் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் மேனேஜர் மட்டும்தான் கடிச்சாரா? நேத்து வரைக்கும் இது கீழதானே இருந்துச்சு? புல்டோசரும்..."

எல்லோரும் புல்டோசரைப் பார்த்தார்கள். அவன் ஒரு செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். அதைப் பிடுங்கினார்கள். வாயைத் திறந்து பார்த்தார்கள். கீழே இரண்டே இரண்டு பல், சுத்தமாக இருந்தன. அழவும் இல்லை, எச்சில் வழக்கத்துக்கு மேல் ஒழுகவும் இல்லை.

"இருங்க. சந்தேகமே வேண்டாம். கடி யாரோடதுன்னு இப்பவே சொல்லிடறேன்" என்றார் அப்பா.

வேறு வீடாக இருந்தால் இந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருப்பார்கள். இது பல் வீடு. அப்பா இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை வெந்நீரில் முக்கி எடுத்தார். பல் அளவு எடுப்பதற்கு அதைத்தான் கடிக்கச் சொல்வார்.

புல்டோசர் சந்தோஷமாகக் கடித்தான். விட மாட்டேன் என்று அழுதான். அவன் வாயிலிருந்து மெழுகை மீட்க அம்மா வர வேண்டியிருந்தது.

"நீயும் கடி" என்று அப்பா சித்தப்பாவிடம் வேறொரு மெழுகை நீட்டினார்.

"நானா? நான் எதுக்குண்ணா இலையைக் கடிக்கப் போறேன்?"

"ராத்திரி சாப்பாடு பத்தலைன்னு முணுமுணுத்தியே. கடி."

சித்தப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டே கடித்தார்.

மேனேஜர் மெழுகைக் கடிக்கவில்லை. அப்பாவின் கட்டைவிரலைக் கடித்தார். அச்சு நன்றாகவே விழுந்தது.

அப்பா விரலைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, இலைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலையும் பார்த்தார். "ஊசி ஊசியா இருக்கு. புல்டோசரோட பல் மழுங்கல். இவன் பல்லு கோணல். எல்லாக் கடியும் மேனேஜரோடதுதான்!" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்பாடா" என்று அம்மா உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "இன்னிக்குப் பூனை, நாளைக்குக் குழந்தை. இந்தச் செடி இனிமே ஒரு நிமிஷம்கூட வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. தம்பி, குப்பை வண்டி வர்ற நேரம். கொண்டு போய்ப் போட்டுடுங்க."

"அம்மா! அது டீச்சர் குடுத்தது!"

"டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

தெரு முனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. சித்தப்பா ஓர் இலையை டாக்டருக்கென்று பறித்து மேசை மேல் வைத்துவிட்டு, தொட்டியைக் கை எட்டுகிற தூரத்தில் பிடித்துக்கொண்டு, பட்டாசைத் தூக்கிப் போகிறவர் போல வெளியே போனார்.

மிளகு மேசை மேல் இருந்த இலையை எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது. முட்டின நீரின் வழியாகத்தான் அவள் அதைப் பார்த்தாள். கடிபட்ட ஓரம் பழுப்பு நிறமாகக் காய்ந்திருந்தது. தொட்டால் பொரபொரவென்று உதிர்ந்தது.

இன்று காலை கடித்த கடி இப்படியா இருக்கும்? பச்சையாக, ஈரமாக அல்லவா இருக்க வேண்டும்?

"அப்பா, யார் கடிச்சாங்கன்னு பார்த்தீங்களே, எப்ப கடிச்சாங்கன்னு பார்த்தீங்களா?"

"எப்பங்கறது பல்லுல தெரியாதும்மா."

"இலையில தெரியுதே! எல்லாம் பழைய கடி!" மிளகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அலமாரியின் உச்சியை எட்டிப் பார்த்தாள். மேலே நல்ல தூசி. தொட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டம். அம்மாவின் கைத்தடம். பூனைக் கால் தடம் ஒன்றுகூட இல்லை.

இறங்கி வந்தாள். இனி ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அம்மா, செடி வந்த நாள்லேருந்து மேனேஜர் அதைக் கடிச்சுட்டுத்தான் இருக்காரு. தினமும் காலையில. நான்தான் தொட்டியைத் திருப்பி வெச்சு மறைச்சேன். ஆனா அவருக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆகல. இன்னிக்கு அவர் மேல ஏறவே இல்ல. வேற எதையோ கடிச்சிருக்காரு!"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கான பேச்சு அப்புறம் வரும் என்று மிளகுக்குத் தெரிந்தது.

"வேற எதை?" என்றார் அம்மா.

வீட்டில் கடிக்கிற மாதிரி வேறு என்ன பச்சையாக இருக்கிறது? மூவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

புல்டோசர் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தரை வரை தொங்கிய மணி பிளான்ட் கொடி அவன் இரண்டு கையிலும் இருந்தது. பளபளப்பான பெரிய இலை ஒன்று வாய்க்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா "டேய்!" என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் என்ன ஆகும் என்று மிளகுக்குத் தெரியும். எதையாவது பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் புல்டோசர் அதை முதலில் வாய்க்குள் திணித்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பான்.

மிளகு மேசை மேல் இருந்த மரக் கரண்டியை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஐ! எனக்குக் கரண்டி! பாப்பாவுக்குத் தர மாட்டேனே!" என்று அதைத் தன் வாயருகே கொண்டு போனாள்.

புல்டோசர் இலையைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். அடுத்தவர் வாயில் இருப்பதற்குத்தான் ருசி அதிகம். கொடியைப் போட்டுவிட்டுக் கரண்டிக்குப் பாய்ந்தான்.

அம்மா அவனை அள்ளிக்கொண்டு போய்க் கைகளை நன்றாகக் கழுவினார்.

மிளகு கொடியைத் தூக்கிப் பார்த்தாள். தரையை ஒட்டி இருந்த இலை ஒன்றில் பாதி இல்லை. ஓரம் பச்சைப் பசேலென்று இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. ஊசி ஊசியாகப் பல் தடம்.

"அப்பா, இதைப் பாருங்க!" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

குப்பை வண்டி வாசலில்தான் நின்றிருந்தது. தொட்டி இன்னும் சித்தப்பா கையில்தான் இருந்தது. ஏனென்றால் அவர் குப்பை வண்டிக்காரருக்கு ஆட்டுப் பால் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"...நோட்டு கம்பெனிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா?" என்றார் சித்தப்பா.

"சார், எனக்கு இன்னும் மூணு தெரு பாக்கி இருக்கு" என்றார் குப்பை வண்டிக்காரர்.

"போடாதீங்க சித்தப்பா! குடுங்க!" மிளகு தொட்டியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏய், தொடாதே! விஷம்!"

"இது இல்ல. அம்மாவோடது!"

சித்தப்பா குழம்பிப் போய் நிற்க, குப்பை வண்டிக்காரர் இதுதான் சமயம் என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கால்நடை டாக்டரின் கிளினிக்கில், கழுத்தில் புனல் மாட்டிய ஒரு நாய் சுவரில் முட்டி முட்டி நடந்துகொண்டிருந்தது. அதற்கடுத்து மேனேஜரின் முறை. கூடையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தபோது எச்சில் குறைந்திருந்தது. டாக்டர் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"எதைக் கடிச்சாரு?"

மிளகு இரண்டு இலைகளையும் மேசை மேல் வைத்தாள். "இதைத் தினமும் கடிச்சாரு. ஒண்ணும் ஆகல. இதை இன்னிக்குத்தான் கடிச்சாரு."

டாக்டர் முதலில் கோடு போட்ட இலையை எடுத்தார். "இது மராண்டா. மழைக்காட்டுச் செடி. பூனை, நாய், குழந்தைங்க யாருக்கும் இது விஷம் இல்ல."

"கோடு இருக்கே டாக்டர்?" என்றார் சித்தப்பா.

"கோட்டுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க. உங்க சட்டையிலகூடத்தான் கோடு இருக்கு." டாக்டர் அடுத்த இலையை எடுத்தார். "வம்பு பண்ணினது இதுதான். மணி பிளான்ட். இதுவும் மழைக்காட்டுப் பக்கத்து ஆளுதான். இலையிலயும் தண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி படிகம் நிறைய இருக்கும். கடிச்சா வாயெல்லாம் குத்தும். எரியும், எச்சில் ஒழுகும், சில சமயம் வாந்தியும் வரும்."

"உயிருக்கு ஒண்ணும்..." என்று இழுத்தாள் மிளகு.

"ஒண்ணும் ஆகாது. ஒரு கடி எரிஞ்சதுமே விட்டுட்டாரு. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுவாரு. ஆனா வாய், தொண்டை வீங்கினாலோ, மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ உடனே தூக்கிட்டு வரணும். கடிச்சது குழந்தைன்னா வாயைத் துடைச்சு விட்டுட்டு உடனே குழந்தை டாக்டருக்குப் போன் பண்ணணும். நாமளே பார்த்துக்கலாம்னு உட்கார்ந்திருக்கக் கூடாது."

அம்மா அந்த இதய வடிவ இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேப்பங்கிழங்கு தோல் சீவினா கை அரிக்குமே, டாக்டர். அந்த மாதிரியா?"

"அதே குடும்பம். அதே ஊசி. கிழங்கை வேகவெச்சுத்தானே சாப்பிடறோம்? உங்க மேனேஜர் பச்சையா சாப்பிட்டுட்டாரு."

"இத்தனை வருஷமா நான்தான் அதுக்குத் தண்ணி மாத்தறேன்" என்றார் அம்மா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நல்ல செடிதான். எட்டாத உயரத்துல வைங்க. கொடி கீழ தொங்கக் கூடாது. வெட்டினா கையைக் கழுவுங்க. இவருக்குக் கடிக்க ஆசையா இருந்தா, ஒரு தட்டுல மண்ணு போட்டுக் கோதுமை தூவி விடுங்க, புல்லு வரும். மராண்டா விஷம் இல்லைங்கறதுக்காக அது சாப்பாடும் இல்ல. நிறையத் தின்னா வயிறு ஒத்துக்காது. செடியும் மொட்டையாயிடும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு கத்திரியை எடுத்தார். தரை வரை தொங்கிய கொடியை எல்லாம் நறுக்கினார். மிச்சத்தைச் சுருட்டிப் பாட்டிலோடு அலமாரியின் உச்சியில் வைத்தார். மராண்டா பழையபடி சன்னலோர ஸ்டூலுக்கு வந்தது. மிளகு கடிபட்ட பக்கத்தை அறையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"மிளகு" என்றார் அம்மா. பாக்கி இருந்த பேச்சு இப்போது வந்தது. "வீட்டுல யாராவது ஒரு செடியைக் கடிச்சா என்கிட்டச் சொல்லணும்."

"சரிம்மா."

"நீ திருப்பி வெச்சது தப்பு."

"சரிம்மா."

"நானும் அதைக் கேட்காமக் கொள்ளாம மேல தூக்கி வெச்சேன். அதனாலதான் மேனேஜர் அந்தப் பக்கம் போனாரு." அம்மா கையுறையைக் கழற்றினார். "அதுவும் தப்புதான். முடிஞ்சது. போய்க் கோதுமையை எடுத்துட்டு வா."

கோதுமை முளைத்தது. தட்டு நிறையப் பச்சை. மேனேஜர் அதை ஏற்றுக்கொண்டார். நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, ஆட்டைப் போலத் தலையைச் சாய்த்துக் கடிப்பார். வாடிக்கையாளர்கள் கேட்டால், "டாக்டர் சொன்ன டயட்டுங்க" என்பார் அப்பா.

ஒரு நாள் காலை மேனேஜர் கடிப்பதைப் புல்டோசர் பார்த்துவிட்டான். ஸ்டூல் வரை தவழ்ந்து போனான். யாரும் எழுவதற்கு முன், மராண்டாவின் ஓர் இலையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டான்.

அப்பா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். எந்தக் கதையையும் பாதியில் நிறுத்தாத சித்தப்பா கதையைப் பாதியில் நிறுத்தினார். அம்மா மட்டும் குனிந்து பார்த்தார்.

"உப்பு ஏதாவது வேணுமாடா கண்ணு?" என்றார்.

புல்டோசர் முகத்தைச் சுளித்தான். நாக்கால் இலையை வெளியே தள்ளினான். மிளகு அதை எடுத்துவிட்டு அவன் வாயைத் துடைத்து விட்டாள்.

"அவனுக்குப் பிடிக்கலைம்மா" என்றாள்.

மேனேஜர் அரைக்கண்ணால் அவனைப் பார்த்தார். பிறகு, சாப்பிடத் தெரியாத ஆட்களோடு எல்லாம் எப்படித்தான் வேலை பார்ப்பது என்பது போல, தட்டில் அடுத்த புல்லுக்குப் போனார்.